பொத்தானின் நல்ல காது

மாமனார்: இல்லம்மா, நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்.

மருமகள்: பாக்கறதுக்கு எதுக்கு மாமா பழைய துண்டை மடிச்சு எடுத்துட்டு வந்தீங்க?

மாமனார்: வேர்க்கும்ல.

மருமகள்: வேர்வை துடைக்க ரெண்டு துண்டா?

மாமனார்: கண்ணாடிக் கடைல பவர் பாத்துப் பாத்து உன் கண்ணு ரொம்பத்தான் கூர்மையாயிடுச்சு... அட, இந்தக் கேட்டைப் பாரேன்.

மருமகள்: பேச்சை மாத்தாதீங்க.

மாமனார்: மாத்தல. ஒரு கேட்டுக்குப் பின்னால இன்னொரு கேட்டு வச்சிருக்காங்க, பாத்தியா. முதல் கேட்டைச் சாத்தினாத்தான் ரெண்டாவது திறக்கும். ஏன் தெரியுமா?

மருமகள்: நாயி ரோட்டுக்கு ஓடிடக் கூடாதுன்னு.

மாமனார்: அதேதான். லிஃப்ட்டுலயும் இதே கதைதான். கதவு சாத்தி, கொக்கி குழிக்குள்ள போய் உக்காந்தாத்தான் மோட்டாருக்குக் கரன்ட் போகும். ஒரு நூல் இடைவெளி இருந்தாக்கூடப் பெட்டி நகராது. ஜனங்க உடனே லிஃப்ட் ரிப்பேர்னு கத்துவாங்க. ரிப்பேரே இல்ல. அது பாட்டுக்கு அது வேலையைச் சரியாப் பாக்குது.

பராமரிப்பாளர்: வாங்க சார், வாங்கம்மா. பின்னாடி கேட்டை நல்லா அழுத்திச் சாத்துங்க. அந்தக் கொக்கி கொஞ்சம் மக்கர் பண்ணும்.

மாமனார்: மக்கர் இல்லம்மா, மேல் கீல் தளர்ந்து கேட்டே இறங்கியிருக்கு. அதான் கொக்கி குழிக்கு நேரா வரல. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தா...

மருமகள்: மாமா. நாம நாய்க்குட்டி பாக்க வந்திருக்கோம்.

மாமனார்: நீ பாக்க வந்திருக்கே. நான் துணைக்கு வந்தேன்.

மருமகள்: இவர் என் மாமனார்க்கா. லிஃப்ட் மாட்டற வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. எந்தக் கதவைப் பாத்தாலும் இப்படித்தான்.

பராமரிப்பாளர்: நேத்து போன்ல பேசினது நீங்கதானேம்மா? வீட்டுல எத்தனை பேரு?

மருமகள்: நானும் மாமாவும்தான்... இப்போதைக்கு. என் வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை.

பராமரிப்பாளர்: பகல்ல வீட்டுல யாரு இருப்பாங்க சார்? ...சார்?

மருமகள்: அக்கா, நீங்க இப்படி இந்தப் பக்கம் வாங்களேன். அங்க வெயில் அடிக்குது.

மாமனார்: இவளுக்கு எப்பவும் வெயில்தாம்மா. பஸ்ஸுல ஏறினாலும் எனக்கு வலது பக்கம்தான் உக்காருவா. மழை நாள்லயும் அந்தப் பக்கம் வெயில்ம்பா.

பராமரிப்பாளர்: பகல்ல வீட்டுல யாருன்னு கேட்டேன் சார்.

மாமனார்: நான்தான். இவ காலைல போனா விளக்கு வச்சுத்தான் வருவா.

பராமரிப்பாளர்: அப்போ நான் உங்ககிட்டதான் பேசணும். எங்க கண்டிஷன் ஒண்ணே ஒண்ணுதான். பகல்ல குட்டி கூட யாரு இருக்கப் போறாங்களோ அவங்கதான் அதைத் தூக்கிட்டு இந்த ரெண்டு கேட்டையும் தாண்டணும். வேற யாரு கேட்டாலும் குடுக்க மாட்டோம்.

மாமனார்: அப்படின்னா சிக்கல் தீந்துது. நான் தூக்கப் போறதில்ல. வாம்மா, வர்ற பஸ்ஸையே பிடிச்சுடலாம்.

மருமகள்: பாத்துட்டுப் போலாம் மாமா. பாக்கறதுக்குத்தானே வந்தேன்னு நீங்களே சொன்னீங்க.

பராமரிப்பாளர்: இந்த ரூம் சார். தலை குனிஞ்சு வாங்க... அதோ, மூலைல தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. பேரு பொத்தான்.

மாமனார்: பொத்தானா?

பராமரிப்பாளர்: மூக்கைப் பாருங்க. கோட்டுல தைக்கற பொத்தான் மாதிரியே இல்ல?

மருமகள்: அய்யோ... எவ்வளவு சின்னதா இருக்கு. மாமா, கால் பாருங்க.

மாமனார்: இது என்ன ஜாதி?

பராமரிப்பாளர்: அம்மா தெருவுல இருந்த குட்டைக்கால் நாய். அப்பா யாருன்னு அந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது. உடம்பு நீளம், காலு கட்டை, வால் மட்டும் ஏதோ பெரிய நாயோடது.

மாமனார்: கடைல மிச்சம் கிடந்த உதிரி பாகத்தையெல்லாம் வச்சு மாட்டின மாதிரி இருக்கு.

மருமகள்: மாமா, அது காதுல விழும்.

மாமனார்: குறையாச் சொல்லலம்மா. ஒரே கம்பெனி சாமானா வாங்கி மாட்டினா, ஒரு பாகம் போனா அதே பாகத்துக்கு மாசக்கணக்கா காத்துக் கிடக்கணும். கலந்து மாட்டினதுக்கு எது போனாலும் எங்கயாவது ஒண்ணு கிடைச்சிடும். அது நின்னு ஓடும்.

பராமரிப்பாளர்: டாக்டரும் அதைத்தான் சொன்னாரு சார். கலப்புக் குட்டிங்க பெரும்பாலும் தாக்குப் பிடிக்கும்னு. ஆனா... மறைக்காம சொல்லிடறேன். இது ரெண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த குட்டி.

மருமகள்: எதுக்குத் திருப்பினாங்க? கடிச்சுதா?

பராமரிப்பாளர்: கடிக்கத் தெரியாது. கூப்பிட்டா வரமாட்டேங்குதாம். முதல் வீட்டுல, வான்னா எதிர்ப் பக்கம் ஓடுதுன்னாங்க. ரெண்டாவது வீட்டுல திமிர் பிடிச்சதுன்னே சொல்லிட்டாங்க.

மாமனார்: இந்தச் சைசுல திமிரா.

பராமரிப்பாளர்: நாளைக்குப் புதுசா ஒரு ஈத்து குட்டிங்க வருது. இந்த ரூம் பத்தாது. இதைப் பெரிய நாய்ங்க கூண்டுக்குத்தான் மாத்தணும். அதான் எனக்குக் கவலை. ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டுப் பாத்தேன், பின்னால உறுமறது எங்கேருந்துன்னே தெரியாம உறுமற நாய்கிட்டயே போய் நிக்குது. தொடையில பாருங்க, அந்தத் தழும்பு.

மாமனார்: எங்கேருந்துன்னு தெரியாமயா?

பராமரிப்பாளர்: ஆமா சார்.

மாமனார்: ம்... நீங்க கொஞ்சம் அதுக்கு முன்னால உக்காருங்க. உங்களையே பாக்கற மாதிரி. ஏம்மா, உன் சாவிக்கொத்தைக் குடு.

மருமகள்: எதுக்கு?

மாமனார்: குடேன்... இப்போ நான் இதுக்குப் பின்னால நிக்கறேன். இடது பக்கம் கீழ போடறேன். பாத்துக்கோ.

மருமகள்: திரும்பிடுச்சு. சரியா இடது பக்கம்.

மாமனார்: திரும்ப உங்களைப் பாக்க விடுங்கம்மா... ஆங். இப்போ வலது பக்கம் போடறேன்.

மருமகள்: அட... மறுபடியும் இடது பக்கமே பாக்குது.

மாமனார்: இன்னொரு தடவை. வலது பக்கம்தான்.

மருமகள்: இடதுதான் பாக்குது மாமா.

மாமனார்: திமிராவது மண்ணாவது. இதுக்கு வலது காது கேக்கல.

பராமரிப்பாளர்: எனக்கும் காதுலதான் ஏதோன்னு சந்தேகம் இருந்துச்சு சார். டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, காது சுத்தமா இருக்குன்னாரு. ஒவ்வொரு காதா சோதிக்கற மெஷின் அவர்கிட்ட இல்ல. எந்தப் பக்கம்னு எனக்குப் பிடிபடவே இல்ல.

மருமகள்: ஒரு காது கேட்டாப் போதாதா மாமா? கூப்பிட்டது கேக்குமே.

மாமனார்: கேக்கும். எங்கேருந்து கூப்பிடறாங்கன்னு தெரியாது. இப்படி யோசிச்சுப் பாரு. வலது பக்கம் சத்தம் வந்தா அது முதல்ல வலது காதுக்குப் போகும், தலையைச் சுத்திக்கிட்டு இடது காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகும். கண்ணு சிமிட்டற நேரம்கூட இல்ல, அதை விடக் குறைச்சல். அந்தத் துளி வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை கணக்குப் போட்டு, இந்தப் பக்கம் திரும்புன்னு கழுத்துக்குச் சொல்லுது.

மருமகள்: ஒண்ணு வேலை செய்யலேன்னா?

மாமனார்: ஒப்பிட்டுப் பாக்க இன்னொண்ணு இல்லையே. உலகத்துல இருக்கற சத்தமெல்லாம் நல்ல காதுப் பக்கம்தான் வர்ற மாதிரி இருக்கும். நீ அந்தப் பக்கம் நின்னு கூப்பிடுவே, அது உன்னை இந்தப் பக்கம் தேடிக்கிட்டுப் போகும். போய்ப் பாத்தா அங்க ஆள் இருக்காது. கடைல, ரோட்டுல, எவனாவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, ஒரு சுத்து சுத்தி முட்டாள் மாதிரி நிக்கணும்... அதுன்னா, இந்தக் குட்டி நிக்கணும்.

மருமகள்: ...இதெல்லாம் உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?

மாமனார்: எங்கயோ படிச்சேன்.

மருமகள்: ம்.

பராமரிப்பாளர்: இப்போதான் புரியுது சார். இது எப்பவும் இடது பக்கமாத்தான் படுக்கும். மாத்திப் போட்டாலும் புரண்டு அந்தப் பக்கமே வந்துடும். அப்படிப் படுத்துட்டா மத்த குட்டிங்க கூரை பிச்சிக்கற மாதிரி கத்தினாலும் அசையாது.

மாமனார்: பின்னே. நல்ல காதைத் தரையில வச்சு மூடிடுச்சுன்னா வேலை முடிஞ்சுது. மேல இருக்கறது கேக்காத காது. மெயினை ஆஃப் பண்ணின மாதிரி. அதுக்கு அப்படி ஒரு நிம்மதி.

மருமகள்: இவரும் அப்படித்தான்க்கா. மத்தியானம் ஹால் சோபாவுல வலது பக்கமாப் படுத்தாருன்னா பக்கத்துல மிக்ஸி ஓடினாக்கூடத் தெரியாது.

மாமனார்: உழைச்ச உடம்பு, தூங்கும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்... ஸ்க்ரூ டிரைவர் எங்க இருக்குன்னீங்க?

பராமரிப்பாளர்: நான் சொல்லவே இல்லையே சார். அந்த அலமாரி மேல் தட்டுல.

மாமனார்: கேட்டை ஒரு கை பாத்துட்டு வந்துடறேன். நீங்க பேசிட்டிருங்க.

மருமகள்: மாமா, குட்டியை ஒரு தடவை தூக்கிப்...

பராமரிப்பாளர்: விடுங்கம்மா. போகட்டும்... கோவமா சாருக்கு?

மருமகள்: கோவமில்லக்கா. கூச்சம். அவருக்கு இடது காது கேக்காது. மெஷின் ரூம்ல வருஷக்கணக்கா ஒரே பக்கம் மோட்டார் சத்தம். வெளிய சொல்லிக்க மாட்டாரு. நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கறதில்ல.

பராமரிப்பாளர்: ஓ... அதான் வெயிலு.

மருமகள்: அதான் வெயிலு.

பராமரிப்பாளர்: சரிம்மா. அப்போ நானும் ஒண்ணு கேக்கறேன். "இப்போதைக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது என்ன?

மருமகள்: ...கவனிச்சுட்டீங்களா.

பராமரிப்பாளர்: திரும்பி வந்த குட்டியெல்லாம் அந்த மாதிரி வார்த்தையோடதான் போச்சு.

மருமகள்: என் வீட்டுக்காரர் இருக்கற ஊர்ல எங்க கடையோட புதுக் கிளை திறக்கறாங்க. என்னைப் பொறுப்புக்குக் கூப்பிடறாங்க. ரெண்டு வருஷமா அவரு அங்க, நான் இங்கன்னு ஓடுது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வர்றேனா இல்லையான்னு சொல்லணும்.

பராமரிப்பாளர்: சார் கூட வரமாட்டாரா?

மருமகள்: கூப்பிட்டுப் பாத்தாச்சு. நாங்க இருக்கற கட்டடத்து லிஃப்ட் அவரே நின்னு மாட்டினது. அது ஓடற வரைக்கும் நான் இங்கதான், என்னைக் கூப்பிடாதீங்கன்னுட்டாரு. எனக்கு அவரைத் தனியா விட்டுட்டுப் போக மனசே இல்ல. என் கல்யாணத்தப்போ எங்க அப்பா இல்ல... இவர்தான் ரெண்டு பக்கமும் ஓடினாரு. வேலை வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அப்புறம்தான் ஒரு குட்டி இருந்தா வீட்டுல ஒரு சத்தம் இருக்குமேன்னு...

பராமரிப்பாளர்: அவருக்கு இது தெரியுமா?

மருமகள்: தெரியாது. எனக்கு ஆசையா இருக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். அவர் தூக்கிக்கிட்டாருன்னா நான் அங்க சரின்னு சொல்லுவேன். தூக்கலேன்னா... போகல. அவ்வளவுதான்.

பராமரிப்பாளர்: அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. முதல் வீட்டுல பையனுக்காக எடுத்தாங்க, பையனைக் கேக்கல. ரெண்டாவது வீட்டுல ஒரு பெரியவருக்குன்னு எடுத்துட்டுப் போனாங்க, அவரைக் கேக்கல. ரெண்டும் திரும்பி வந்துச்சு. மூணாவது தடவை நான் இதை வாங்கி உள்ள விட முடியாது. என் கை வராது.

மருமகள்: நான் என்ன செய்யணும்?

பராமரிப்பாளர்: அந்த வெளி கேட்டு திறக்கறதுக்குள்ள அவர்கிட்டச் சொல்லிடுங்க. நீங்க இல்லாத வீட்டுல இது இருக்கப் போகுதுன்னு தெரிஞ்சு அவர் தூக்கினா, சந்தோஷமா அனுப்பி வைப்பேன்.

மருமகள்: சொன்னா உடனே, நான் ஒருத்தனாவே இருந்துப்பேன், நாயும் வேணாம் ஒண்ணும் வேணாம், நீ கிளம்புன்னு வீம்பு பண்ணுவாருக்கா.

பராமரிப்பாளர்: பண்ணினா பண்ணட்டும். சொல்லுங்க... வர்றாரு.

மாமனார்: இப்போ போய்ச் சாத்திப் பாருங்க. ஒரு விரல்ல தள்ளினாப் போதும், கொக்கி தானா விழும். கீல்ல எண்ணெய் விடுங்க, மாசம் ஒரு சொட்டு. ரொம்ப விட்டா தூசி சேந்து இன்னும் இறுகும்.

பராமரிப்பாளர்: ரொம்ப நன்றி சார்.

மாமனார்: என்ன, ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு நிக்கறீங்க?

மருமகள்: மாமா... ஒண்ணு சொல்லணும்.

மாமனார்: சொல்லு. அதுக்கு முன்னால ஒரு கேள்வி. ஆளே இல்லாத காலி லிஃப்ட், பிரேக்கை விட்டா மேல போகுமா, கீழ போகுமா?

மருமகள்: மாமா, நான் சொல்லவந்தது...

மாமனார்: பதில் சொல்லும்மா.

மருமகள்: கீழதான் விழும். வேற எங்க போகும்.

மாமனார்: எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. மேல போகும். கயித்தோட அந்த முனைல ஒரு எடை தொங்குது. பெட்டியோட எடை, அதுக்கு மேல பாதி ஆளுங்களோட எடை, ரெண்டும் சேத்துக் கட்டியிருப்போம். அதனால ஆள் எல்லாம் இறங்கிட்டா பெட்டி லேசாகி மேலதான் இழுக்கும். விழுந்துடும்னு பயந்துக்கிட்டு யாரும் உள்ளயே நிக்க வேண்டியதில்ல.

பராமரிப்பாளர்: இத்தனை நாள் நானும் விழும்னுதான் நினைச்சேன் சார்.

மாமனார்: ஆள் ஏறி இறங்கத்தானேம்மா லிஃப்ட்டே இருக்கு. அவங்கவங்க மாடி வந்தா இறங்கிக்கணும்... எங்க, அந்தப் பொத்தானை இப்படிக் குடுங்க.

மருமகள்: மாமா?

மாமனார்: இடது பக்கமா வந்து தூக்கினா பயப்படாதுல்ல? ...வாடா. வா. அட, துண்டைக் கடிக்கிறான் பாரு. ஒரு துண்டு இவனைச் சுத்த, இன்னொண்ணு வழியில நனைச்சா மாத்த. வேர்வைக்கு எவன் ரெண்டு துண்டு எடுத்துட்டு வருவான்.

மருமகள்: நீங்க இவனைத் தூக்கறதுக்கு முன்னால நான் சொல்லணும். அக்காகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்.

மாமனார்: தூக்கியாச்சே. கனமே இல்லாம இருக்கான். சரி, உள் கேட்டைத் தள்ளு. விரலால தள்ளினாப் போதும்னு சொன்னேன்ல.

மருமகள்: மாமா, நில்லுங்க. வெளி கேட்டைத் திறக்காதீங்க. ப்ளீஸ்.

மாமனார்: திறக்க முடியாதே, உள் கேட்டு சாத்தாம. நீயும் உள்ள வந்து பின்னால சாத்து... ஆங். விழுந்துச்சா கொக்கி? சத்தம் கேட்டுச்சா? எனக்குக் கேட்டுச்சு. வலது பக்கம்.

மருமகள்: ...வலது பக்கம்?

மாமனார்: எனக்கு வலது வேலை செய்யுது. இவனுக்கு இடது. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நடந்தா ஒரு ஜோடி ஆயிடும்.

மருமகள்: மாமா... எனக்குத் தெரியும்.

மாமனார்: உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். கண்ணாடிக்காரி, இல்லாத வெயிலை எத்தனை நாளைக்குக் காட்டுவே?

மருமகள்: அப்போ சொல்லிடறேன். எனக்கு ஒரு வேலை...

மாமனார்: அவன் இருக்கற ஊர்ல புதுக் கடை. நீதான் பொறுப்பு. மாமாவைத் தனியா விட்டுட்டு வரமாட்டேன், வேண்டாம்னு சொல்லிடறேன்னு அவன்கிட்ட அழுதே. அழுதது எனக்குப் பிடிக்கல. இவனை ஏன் இவ்வளவு நேரம் தூக்காம இருந்தேன்னு கேக்கறியா? தூக்கினா நீ கிளம்பிடுவியே. அதான் ஒரு கேட்டைக் கழட்டி மாட்டிப் பாத்தேன்... போதும். இப்போ போனை எடுத்து வர்றேன்னு சொல்லு.

பராமரிப்பாளர்: அம்மா, வெளி கேட்டைத் திறக்கலாம். நான் பாத்துட்டேன்.

மருமகள்: இருங்கக்கா... எப்படி மாமா? நான் ஹால்ல பேசினப்போ நீங்க சோபாவுல தூங்கிட்டிருந்தீங்களே. பக்கத்துல வந்து பாத்துட்டுத்தானே பேசினேன்.

மாமனார்: அன்னைக்குக் கழுத்துப் பிடிச்சுக்கிச்சும்மா. நல்ல காதை மேல வச்சுப் படுத்திருந்தேன்.